இருபத்தாறு வீச்சு, நாலு கூடை

2023 செப்டம்பர் 6, மணிலா. கூடைப்பந்து உலகக் கோப்பையின் காலிறுதி. ஜெர்மனி அணித் தலைவர் டென்னிஸ் ஷ்ரோடர் அன்று வளையத்தை நோக்கி 26 முறை பந்தை விட்டார். உள்ளே விழுந்தவை நாலு. மொத்தம் 9 புள்ளி. ஜெர்மனியின் ஆட்டம் ஒவ்வொரு முறையும் அவர் கையில்தான் ஆரம்பிக்கும். பந்து யாரிடம் போனாலும் சுற்றி அவரிடமே வந்து சேரும். அப்படிப்பட்டவருக்கு அன்று கை ஓடவில்லை. ஆனாலும் ஜெர்மனி 81-79 என்று லாட்வியாவைத் தாண்டியது. நாலே நாளில் கோப்பையையும் தூக்கியது. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது யாருக்கு? அதே ஷ்ரோடருக்கு.

இதே கணக்கில் திண்டிவனத்துக் குறுவட்டப் போட்டியில் ஒரு பையன் ஆடியிருந்தால் அவன் பள்ளி அணி ஆட்டத்தை இடைவேளைக்குள்ளேயே விட்டிருக்கும். பையனுக்குத் திறமை போதாது என்பதால் அல்ல. அவன் தவறவிட்ட 22 வீச்சை ஈடுகட்டும் பழக்கம் பக்கத்தில் நிற்கும் நாலு பேருக்கு இருந்திருக்காது. நாக்-அவுட் சுற்றுகளில் நான் பார்ப்பது இதைத்தான்: பெரிய ஆள் சொதப்பும் நாளில் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்?

அன்று ஜெர்மனிக்குக் கை கொடுத்தவர் ஃபிரான்ஸ் வாக்னர். தொடரின் முதல் ஆட்டத்திலேயே கணுக்கால் பிசகி உட்கார்ந்தவர், காலிறுதிக்குத்தான் திரும்பினார். 16 புள்ளி எடுத்தார். எதிரே இருந்த லாட்வியா லேசுப்பட்ட அணி அல்ல. முதன்முறையாக உலகக் கோப்பைக்கு வந்து, நட்சத்திர வீரர் போர்ஸிங்கிஸ் காயத்தால் வராத நிலையிலும் பிரான்சையும் ஸ்பெயினையும் சாய்த்திருந்தது. கடைசி விநாடிகளில் டேவிஸ் பெர்டான்ஸ் விட்ட மூன்று புள்ளிப் பந்து வளையத்தில் பட்டு வெளியே வந்தது. அது விழுந்திருந்தால் ஷ்ரோடர் பெயரை இன்று வேறு மாதிரிச் சொல்லிக்கொண்டிருப்போம். நாக்-அவுட்டில் அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லை என்பவர்கள் அந்த ஒரு பந்தைப் பார்க்க வேண்டும்.

லித்துவேனியாவின் கதை இன்னும் வேடிக்கை. செப்டம்பர் 3 அன்று அமெரிக்காவை 110-104 என்று வென்றார்கள். தொடக்கத்தில் விட்ட ஒன்பது மூன்று புள்ளி வீச்சும் வரிசையாக விழுந்தன. வென்றதால் பிரிவில் முதலிடம். முதலிடம் பிடித்ததால் காலிறுதியில் எதிரி செர்பியா. தோற்ற அமெரிக்காவுக்குக் கிடைத்தது இத்தாலி. இரண்டு நாள் கழித்து லித்துவேனியா 68-87 என்று வெளியே. அமெரிக்கா இத்தாலியை 100-63 என்று நசுக்கியது. பிரிவுச் சுற்றின் பெரிய வெற்றியை நாக்-அவுட்டுக்குக் கூடவே எடுத்துக்கொண்டு போக முடியாது. ஒரு நாள் ஒன்பதுக்கு ஒன்பது விழும் கை, மறுமுறை வளையத்தின் விளிம்பையே தட்டிக்கொண்டிருக்கும். வீச்சு விழாத நாளில் டிஃபன்ஸும் ரீபவுண்டும்தான் அணியைத் தாங்க வேண்டும்.

அமெரிக்காவுக்கு அரையிறுதியில் இடித்ததும் அங்கேதான். பயிற்சியாளர் ஸ்டீவ் கெர் கொண்டுவந்தது வேகத்தை நம்பிய அணி. வளையத்தடியில் உயரமும் உடல்பலமும் குறைவு. அந்தக் குறை மாண்டெனெக்ரோவிடமே தெரிந்தது, லித்துவேனியாவிடம் பளிச்சென்று தெரிந்தது, ஜெர்மனி அதையே பிடித்துக்கொண்டது. இடைவேளையின்போது ஒரே புள்ளி பின்னால் இருந்த ஜெர்மனி மூன்றாவது குவார்ட்டரில் 35 புள்ளி குவித்தது. முடிவு 113-111. அதிக புள்ளி எடுத்தவர் ஷ்ரோடரும் அல்ல, வாக்னரும் அல்ல; பயர்ன் மியூனிக்கில் ஆடும் ஆண்ட்ரியாஸ் ஒப்ஸ்ட், 24 புள்ளி. ஆட்டம் முடிய ஒரு நிமிடத்துச் சொச்சம் இருக்கையில், அமெரிக்கா ஒரே புள்ளி தூரத்துக்கு வந்து நின்றபோது, அவர் போட்ட மூன்று புள்ளிதான் மூச்சு விட வைத்தது.

ஒப்ஸ்டின் ஆட்டம் திரும்பக் கிடைத்தால் பந்தைப் பார்க்காமல் அவரை மட்டும் பாருங்கள். கையில் பந்து இல்லாதபோதுதான் அதிகம் ஓடுகிறார். மூலையிலிருந்து புறப்பட்டு, எதிராளியைத் தடுத்து நிற்கும் சக வீரரை உரசிக்கொண்டு வெளியே வந்து, பாஸ் வந்து சேரும்போது கால் இரண்டும் வளையத்தைப் பார்த்துத் தயாராக நிற்கும். நம் பள்ளி கோர்ட்டுகளில் பந்து கைக்கு வராத பையன் இடுப்பில் கை வைத்து நிற்பான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. ஓடினாலும் பந்து வராது என்று அவனுக்குத் தெரியும்.

வெண்கலத்துக்கான ஆட்டத்தில் ஒரு நாலு விநாடியைச் சொல்லாமல் போக மனமில்லை. கனடா 111, அமெரிக்கா 107. அமெரிக்காவின் மிக்கேல் பிரிட்ஜஸுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. முதலாவதைப் போட்டார். இரண்டாவதை வேண்டுமென்றே தவறவிட்டார், தெறித்த பந்தைத் தானே பிடித்தார், ஓரத்துக்கு ஓடி மூன்று புள்ளி போட்டார். 111-111, கடிகாரத்தில் மிச்சம் 0.6 விநாடி. அரங்கம் எழுந்து நின்றது. பிறகு நடந்த ஐந்து நிமிடக் கூடுதல் நேரத்தில் கனடா 16, அமெரிக்கா 7, முடிவு 127-118. கனடாவின் டில்லன் புரூக்ஸ் 39 புள்ளி. யூடியூபில் சுற்றுவது என்னவோ பிரிட்ஜஸின் வீச்சுதான். பதக்கம் கனடா கழுத்தில்.

இறுதிப் போட்டி நம் நேரப்படி செப்டம்பர் 10 மாலை 6.10-க்குத் தொடங்கியது. அதே நேரத்தில் கொழும்பில் ஆசியக் கோப்பை கிரிக்கெட், இந்தியா-பாகிஸ்தான். மழை பெய்து ஆட்டம் நின்று, நாடே தார்ப்பாய் மூடிய பிட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தது. நம் விழுப்புரத்திலும் வேறென்ன நடந்திருக்கும்? அந்த வேளையில் மணிலாவில் இடைவேளைக்கு 47-47. மூன்றாவது குவார்ட்டரில் ஜெர்மனி செர்பியாவைப் பத்தே புள்ளியில் கட்டிப்போட்டு 69-57 ஆக்கியது. நட்சத்திர வீரர் யோகிச் இல்லாமல் அவ்வளவு தூரம் வந்திருந்த செர்பியா கடைசியில் நெருங்கி வந்தபோது, ஷ்ரோடர் தூரத்திலிருந்து முயலாமல் நேரே உள்ளே புகுந்து கூடை போட்டார். 83-77. அவருக்கு 28 புள்ளி. காலிறுதியில் 22 முறை தவறவிட்ட கை, நாலு நாளில் நடுங்காமல் திரும்பியது எப்படி? தான் விழுந்த நாளில் கூட இருந்தவர்கள் தூக்கியதை அவர் பார்த்திருந்தார்.

அந்தக் கூட்டு திடீரென்று அமைந்தது அல்ல. பயிற்சியாளர் கார்டன் ஹெர்பர்ட் 2021-இல் பொறுப்பேற்றபோது வீரர்களிடம் மூன்று கோடைக்காலம் அணிக்குத் தர வேண்டும் என்று கேட்டார். 2022-இல் ஐரோப்பிய வெண்கலம், 2023-இல் உலகக் கோப்பை. ஹெர்பர்ட் போன பிறகும் பழக்கம் போகவில்லை. 2025-இல் ரிகாவில் துருக்கியை 88-83 என்று வென்று ஐரோப்பாவையும் பிடித்தார்கள்.

நம் பக்கம் வருவோம். 2025 ஆகஸ்டில் ஜெத்தாவில் கூடைப்பந்து ஆசியக் கோப்பை. 16 அணி, நாலு பிரிவு. முதலிடம் நேரே காலிறுதிக்கு. இரண்டாமிடமும் மூன்றாமிடமும் ஒரு தகுதி ஆட்டம் ஆடிப் போகலாம். கடைசி அணி மட்டும் வீட்டுக்கு. ஆக, 12 அணிக்குக் கதவு திறந்திருந்தது. தமிழ்நாட்டின் முயின் பெக் ஹஃபீஸ் ஆடிய இந்திய அணி மூன்று ஆட்டத்திலும் தோற்று, திறந்திருந்த கதவையும் தாண்டவில்லை. ஆனால் ஜோர்டானுடன் நடந்தது மோசமான ஆட்டம் அல்ல. 40 நிமிடம் முடிந்து ஸ்கோர் சமம்; கூடுதல் நேரத்தில் 84-91. சீனாவிடம் தோற்றதைப் பற்றி எழுத எதுவும் இல்லை. ஜோர்டானிடம் அந்த ஐந்து நிமிடம் நழுவியதைப் பற்றி நிறைய எழுதலாம். களைத்த காலோடு, ஃபவுல் ஏறிய நிலையில், அடுத்த பந்தை யார் விடுவது என்று ஐந்து பேருக்கும் ஒரே பதில் தெரிந்திருக்க வேண்டிய நேரம் அது. அந்தப் பதில் அந்த ஐந்து நிமிடத்தில் பிறக்காது. நெருக்கமான ஆட்டங்களை ஆடி ஆடித்தான் வரும்.

நம்மால் முடியாது என்றும் சொல்ல முடியாது. 2017 ஜூலையில் பெங்களூருவில் பெண்கள் ஆசியக் கோப்பை ‘பி’ பிரிவு இறுதியில் கஜகஸ்தானை 75-73 என்று வென்றது இந்தியா. இரண்டே புள்ளி. சென்னையின் அனிதா பால்துரை அந்த அணியில் இருந்தார். 2001 முதல் 2017 வரை தொடர்ந்து ஒன்பது ஆசியப் போட்டி ஆடியவர், 2021-இல் பத்மஸ்ரீ. அப்படிப்பட்டவர் ஒருவர் பக்கத்தில் நின்றால் கடைசி நிமிடத்தில் மற்ற நாலு பேருக்கும் கை நடுங்காது.

விழுப்புரம், திண்டிவனம் பிள்ளைகளுக்கு அந்த அனுபவம் எங்கே கிடைக்கும்? குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று ஏறும் பள்ளிப் போட்டிகளில் முதல் விசிலிலிருந்தே நாக்-அவுட்தான். ஜெர்மனி காலிறுதிக்கு வருமுன் ஐந்து ஆட்டம் ஆடிவிட்டது. ஆஸ்திரேலியாவை 85-82 என்று மூச்சு வாங்க வென்றதும் அதில் ஒன்று. நம் பள்ளிக்கு முதல் ஆட்டமே வாழ்வா சாவா. அதனால்தான் பி.டி. மாஸ்டர் எல்லாப் பந்தையும் நன்றாக ஆடும் ஒரே பையனிடம் கொடுக்கச் சொல்கிறார். அவர் நிலையில் நானும் அதையே செய்வேன். பெஞ்ச்சில் இருப்பவனை இறக்கிப் பழக்க அடுத்த ஆட்டம் என்று ஒன்று இருந்தால்தானே?

கணக்குப் போட்டால் பெரிய விஷயமில்லை. எட்டுப் பள்ளி வந்தால் நாக்-அவுட்டில் ஏழு ஆட்டம். நாலு பள்ளி ஒரே ஆட்டத்தோடு பஸ் ஏறிவிடும். இரண்டு பிரிவாக்கி லீக் வைத்து, அரையிறுதி, இறுதி என்று முடித்தால் பதினைந்து ஆட்டம். யாராக இருந்தாலும் குறைந்தது மூன்று ஆட்டம். கூரையில்லாத சிமென்ட் கோர்ட்டில் ஐப்பசி மழை பிடிக்குமுன் வைத்தால் மூன்று நாள் போதும்.

இதைச் சொன்னால் உடற்கல்வி ஆசிரியர்கள் தலையாட்டிவிட்டு ஒன்றே ஒன்றைத்தான் கேட்கிறார்கள்: “லீக் வைக்கலாம் சார். மூணு நாளைக்கு மரக்காணத்துப் பசங்களுக்குப் பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும் யாரு குடுக்கறது?” அணிக்குப் பன்னிரண்டு பேர் என்றால் எட்டு அணிக்கு நாளைக்கு 96 சாப்பாடு. ஊருக்கு ஊர் டென்னிஸ் பால் கிரிக்கெட்டுக்குக் கோப்பையும் ரொக்கமும் தரும் கடைக்காரர்களிடம், அடுத்த சீசனுக்கு பேனர் அடிக்குமுன், இதையும் ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம்.