பாராமகால் போர்ச் சான்றுகளும் அவற்றின் சார்பும்

கிருட்டிணகிரி மலைக்கோட்டையில் நிகழ்ந்த போர்களைப் பற்றி ஆங்கிலேயர் எழுதினர், பிரெஞ்சுக்காரர் எழுதினர், மைசூர் அரசவையைச் சார்ந்தோர் பாரசீக மொழியில் எழுதினர். அம்மலையின் அடிவாரத்தில் வாழ்ந்த தமிழரும் தெலுங்கரும் கன்னடரும் எழுதி வைத்தனவாக நமக்குக் கிடைப்பன மிகச் சிலவே. இந்நிலையில், மைசூர்ப் போர்களைக் கற்கப் புகும் மாணவர் பலர் எளியதோர் அளவுகோலைக் கைக்கொள்கின்றனர். ஆங்கிலேயர் எழுதியது அயலார் எழுத்து, ஆதலின் பொய். மைசூரார் எழுதியது இந்நாட்டார் எழுத்து, ஆதலின் மெய் என்பர். இதற்கு மறுதலையாகக் கொள்வாரும் உளர். கும்பினி அலுவலர் நாளும் இடமும் குறித்தனர், அரசவையாரோ புகழ்ந்து பாடினர், ஆதலின் முன்னதே வரலாறு என்பது அன்னார் துணிபு. இரு கொள்கையும் ஒரே பிழையினின்று பிறந்தவை என்பது எம் கருத்து. எழுதியவன் எந்நாட்டான் என்னும் ஒரு வினாவோடு இரண்டும் நின்றுவிடுகின்றன.

இஃது ஏட்டளவில் நிற்கும் வழக்கன்று. கருநாடக அரசு 2015 ஆம் ஆண்டு திப்பு சுல்தானின் பிறந்த நாளை அரசு விழாவாக்கியது. 2019 இல் அவ்விழா கைவிடப்பட்டது. அவ்வழக்கின் ஓசை எல்லைக்கு இப்பாலும் கேட்கிறது. ஓசூர்த் தொழிற்சாலைகளில் ஒரே பொறியின் முன் நிற்கும் இருவருள் ஒருவர்க்குத் திப்பு அயலாரை எதிர்த்து மாய்ந்த வீரன். மற்றவர்க்கு அவனே அயலான். இருவரும் துணைக்கு அழைப்பன யாம் ஈண்டு ஆராயப் புகும் நூல்களையே. ஆதலின் அந்நூல்கள் எத்தகைய சான்றுகள் என வரையறுத்தல் தமிழாய்வாளர் கடமையுமாகிறது.

முதற்கண், அப்போர்களில் அயலார் யாவர் என்பதே தெளிவான செய்தியன்று. பாராமகால் நாடு 1760 வரை கடப்பை நவாபின் ஆட்சியில் இருந்தது. அவ்வாண்டில் ஐதர் அலியின் படைத்தலைவர் மக்தூம் அலி அதனைக் கைக்கொண்டு, புதுச்சேரியில் நெருக்குண்டிருந்த பிரெஞ்சுக்காரர்க்கு உதவுமாறு கீழ்நாட்டிற்கு இறங்கினார். 1766 இல் ஆங்கிலேயரோடு உடன்படிக்கை செய்த ஐதராபாத்து நிசாம், 1767 இல் ஐதரோடு சேர்ந்து காவேரிப்பட்டணத்தின்மீது வந்தார். 1768 இல் மீண்டும் ஆங்கிலேயர் பக்கம் சென்றார். ஐதரின் பீரங்கிப் படையில் பிரெஞ்சுக்காரர் இருந்தனர். கும்பினிப் படையிலோ சிப்பாய்களாக நின்றோர் இந்நாட்டு மக்களே. சூளகிரி, பாகலூர் முதலிய பாளையங்களின் தலைவர்கள் யார் வலியுடையரோ அவர்க்குத் திறை செலுத்திக் காலம் கழித்தனர். இத்துணைக் கலப்புள்ள போரில் 'அயலார் தலையீடு' என்னும் தொடரை ஒரு பக்கத்தார்க்கு மட்டும் உரியதாக்குவது பின்னாள் அரசியல் முன்னாள் வரலாற்றின்மேல் ஏற்றிய கருத்தாகும்.

இனி நூல்களைக் காண்போம். அவற்றுள் பெரியது மார்க்கு வில்க்சு என்பார் 1810 முதல் 1817 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்திய வரலாற்று நூல். ஆசிரியர் மைசூர் அரசவையில் ஆங்கிலேயரின் பிரதிநிதியாக இருந்தவர். நூலின் நீண்ட தலைப்பே அதன் நோக்கத்தை உணர்த்திவிடுகிறது. மைசூரில் இந்து அரசு தோன்றியது முதல் 1799 இல் முகமதிய மரபு அழிந்தது வரையுள்ள வரலாறு என்பது அதன் பொருள். உடையார் மரபை மீட்டு அரியணை ஏற்றிய கும்பினியின் செயல் முறையானதே எனக் காட்டுவதற்கு இதனினும் வாய்ப்பான பாகுபாடு இல்லை. ஐதரும் அவர் மகனும் அரசைக் கவர்ந்தோர் என்னும் கொள்கை நூல் முழுதும் ஊடுருவி நிற்கின்றது.

ஆயினும், இந்நூல் ஆங்கிலேயரின் தோல்வியை மறைக்கின்றதா? இல்லை. ஓசூர் நிகழ்ச்சி ஒன்றே போதும். 1768 இல் ஆங்கிலேயர் ஓசூரைக் கைக்கொண்டனர். அவ்வாண்டின் இறுதியில் ஐதர் அதனை முற்றுகையிட்டார். முற்றுகையை விலக்க வந்த கர்னல் உட்டு என்பவர், பெரும் பீரங்கிகள் இரண்டையும் படைச் சுமைகளையும் பாகலூரில் விட்டுவிட்டு, ஓசூருக்குள் புகுந்தார். ஐதர் பின்புறமாகச் சுற்றிப் பாகலூரின்மேல் பாய்ந்து அவற்றைக் கவர்ந்து சென்றார். பாகலூர்க் கோட்டை வாயிலில் அடைக்கலம் தேடி முண்டியடித்து மிதிபட்டு மாண்ட எளிய மக்களைப் பற்றியும் வில்க்சு கூறுகின்றார். ஆங்கிலப் படைக்கு இழிவு தரும் இச்செய்தியை விரிவாக நமக்குத் தருபவர் ஆங்கிலேயரே.

எனின் சார்பு எங்கே உளது? நடந்ததைச் சொல்லுமிடத்தில் அன்று, நடந்ததற்குக் காரணம் காட்டுமிடத்தில் உளது. சென்னைக் கும்பினியார் படையோடு அனுப்பிய அலுவலரின் தலையீடும் ஆற்காட்டு நவாபு முகம்மது அலியின் பொய் வாக்குறுதிகளும் அவர் நூலில் தோல்விக்குக் காரணங்களாகின்றன. ஐதரின் குதிரைப்படை விரைவும், மலைவழிகளை அவர் அறிந்திருந்த திறமும் கூறப்படுகின்றனவாயினும் இரண்டாம் இடமே பெறுகின்றன. ஆங்கிலேயர் தம்மாலேயே தோற்றனர். பிறரால் தோற்கவில்லை என்பது அந்நூலின் உட்கிடை. நிகழ்ச்சிகளில் பொய் தேடும் மாணவர் இதனைக் காணார். ஏதுவைக் கூறும் வாக்கியங்களில் எழுவாயாக நிற்பவர் யார் என்று நோக்குவோரே காண்பர். இலக்கணப் பயிற்சி வரலாற்றாய்வுக்கு உதவும் இடங்களுள் இதுவும் ஒன்று.

பிரெஞ்சு நூலின் இயல்பு வேறு. ஐதரின் பீரங்கிப் படைக்குத் தலைவராக இருந்ததாகத் தம்மைக் கூறிக்கொள்ளும் மெத்ரு தெ லா தூர் என்பார், ஐதர் அலி கானின் வரலாற்றை 1783 இல் வெளியிட்டார்; மறு ஆண்டே அஃது ஆங்கிலத்தில் வந்தது. பிரான்சும் இங்கிலாந்தும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பொருது ஓய்ந்த காலம் அது. 1769 இல் ஐதர் சென்னைக்கு அருகே வந்து உடன்படிக்கை பெற்றதை இந்நூல் கூறும் முறை வேடிக்கையானது. கோட்டை வாயிலில் ஒரு கேலிப்படம் தொங்கவிடப்பட்டதாம். அதில் பீரங்கிக் குவியலின்மேல் வீற்றிருக்கும் ஐதர், மண்டியிட்ட துய்ப்பிரேயின் யானைத் துதிக்கை போன்ற மூக்கைப் பிடித்திருக்க, அதனின்று பொற்காசுகள் கொட்டுகின்றனவாம். பக்கத்தில் கர்னல் சுமித்து தம் வாளை இரண்டாக முறிக்கின்றாராம். படம் உண்மையில் தொங்கியதோ இல்லையோ, அதனை விரும்பிக் கேட்போர் பாரிசில் இருந்தனர் என்பது உண்மை. மைசூரின் துணையால் ஆங்கிலேயரை இன்னும் வெளியேற்றலாம் என்னும் ஆசைக்கு உணவாக எழுந்தது இந்நூல். ஐதரைப் புகழ்வதால் இதனை 'நம்மவர் பக்க நூல்' எனக் கொள்வார் சிலர். அஃது ஐதர் பக்கத்து நூலன்று. ஐதரை ஒரு படைக்கலமாகக் கருதியோர் பக்கத்து நூல்.

கிர்மானியின் பாரசீக நூலான 'நிசானி ஐதரி' பற்றி மிகுதியும் கூற வேண்டியதில்லை. பாரசீக மெய்க்கீர்த்தி மரபில் நின்று தலைவனை உயர்த்திப் பாடுவது அது. பரணி கற்ற நமக்கு அம்மரபு புதிதன்று. ஒன்று மட்டும் குறிப்பிடுவோம். அதனை இந்நாட்டார் குரல் என்று மேற்கோள் காட்டுவோருட் பலர் படிப்பது, கும்பினிப் படையைச் சேர்ந்த கர்னல் மைல்சு 1842 இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பை.

தமிழுக்கு வருவோம். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1736 முதல் 1761 வரை செல்வது. 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளிவந்தது. மைசூர்ப் படை பாராமகால் வழியாக இறங்கிய 1760 ஆம் ஆண்டு அதன் இறுதிப் பகுதியுள் அடங்கும். பிள்ளை பிரெஞ்சுக் கும்பினியின் தலைமைத் துபாசியாக இருந்து 1756 இல் அப்பதவி இழந்தவர். புதுச்சேரி வீழ்வதற்குச் சில நாள் முன்னர் இறந்தவர். அவரை அயலார் பணியாளர் எனத் தள்ளலாம். தமிழர் எனத் தழுவலாம். இரண்டும் பயனில. முற்றுகையிடப்பட்ட ஊரினுள் இருப்போர்க்கு மைசூரார் இந்நாட்டாரா அயலாரா என்பது வினாவே அன்று. நெல்லும் மாடும் கொண்டு வருவார்களா என்பதே வினா.

இந்நாட்குறிப்பின் உயர்வு அதன் நடையில் உளது. கொவர்னதோர், கும்பினி, முசே எனப் பன்மொழிச் சொற்களும் பேச்சு வழக்கும் கலந்த அந்நடையைக் கொச்சை எனக் கண்டித்த பண்டிதரும் உண்டு. அவர்கள் ஒன்றை நோக்கவில்லை. தாம் நேரிற் கண்டதையும், வந்த கடிதத்தால் அறிந்ததையும், பட்டணத்தில் பிறர் பேசக் கேட்டதையும் பிள்ளை பெரும்பாலும் வேறு வேறாகவே பிரித்தெழுதுகின்றார். செய்தி வந்த நேரத்தையும் கொணர்ந்தவனையும் குறிக்கின்றார். பின்னொரு நாள் அது பொய்யெனத் தெரிந்தால் அதனையும் எழுதுகின்றார். முன்னெழுதியது அப்படியே நிற்கின்றது. தொல்காப்பியர் தாம் பிறர்பால் கேட்ட விதியை 'என்ப' எனவும் 'மொழிப' எனவும் கூறிப் பொறுப்பை வகுத்துக் காட்டும் மரபை ஈண்டு நினைக்கலாம். பிள்ளைக்குச் சார்பு இல்லையோ எனின், மிகுதியும் உண்டு. தம் பகைவரைப் பற்றி எழுதுமிடத்தில் அவர் எழுதுகோல் நஞ்சு கக்கும். ஆயினும் செய்தியின் வழியை அவர் மறைக்காமையால், அச்சார்பைப் படிப்போரே கழித்துக்கொள்ள இயலுகின்றது. வில்க்சின் தெளிந்த ஆங்கிலம் நமக்கு இவ்வுரிமையை இத்துணை எளிதில் அளிப்பதில்லை.

இவ்வியல்பு அந்நிலப்பகுதிக்குப் புதிதன்று. கிருட்டிணகிரி 2004 வரை தருமபுரி மாவட்டத்துள் அடங்கியிருந்தது; அத்தருமபுரியே பண்டைத் தகடூர். அதியமானுக்கும் பெருஞ்சேரல் இரும்பொறைக்கும் நிகழ்ந்த தகடூர்ப் போரும் ஒரு நாட்டுப் போரில் பிற வேந்தர் தலையிட்டதாகும். அதியமானோடு இருபெரு வேந்தரும் துணை நின்றமையைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பதிகம் கூறுகின்றது. அவ்வெட்டாம் பத்தைப் பாடிச் சேரனைப் புகழ்ந்தவர் அரிசில் கிழார். அவரே, தகடூரில் பொருது வீழ்ந்த எழினியை நினைந்து புறநானூற்றின் 230 ஆம் பாட்டில் இரங்குகின்றார். வென்றோன்பால் பரிசில் பெற்ற புலவர் தோற்ற பக்கத்து வீரனின் மறைவால் நாடு இழந்ததைக் கூறும் அப்பாட்டு, வென்றோன் பக்கத்துக்கு உதவாத சான்று. தகடூர் யாத்திரை முழுதும் கிடைத்திருப்பின் இன்னும் பல அறிந்திருப்போம். இன்று எஞ்சியன புறத்திரட்டிலும் உரைகளிலும் உள்ள சில பாட்டுகளே.

தன் பக்கத்துக்கு உதவாததைக் கூறும் சான்றினை முதலில் நம்புக என்னும் நெறியைப் பாராமகாலுக்குப் பொருத்துமிடத்து, ஆங்கிலேயருள்ளும் ஒருவர் முன்வந்து நிற்கின்றார். தாமசு மன்றோ மைசூரை எதிர்த்துப் போரிட்டவர்; 1792 முதல் 1799 வரை கேப்டன் ரீடின்கீழ்ப் பாராமகாலில் வரித்துறைப் பணி புரிந்தவர். அவர் தம் தந்தைக்கு எழுதிய கடிதங்கள், இறந்த பின் 1830 இல் வெளியான அவரது வாழ்க்கை வரலாற்றில் அச்சேறின. மைசூர் ஆட்சியின் ஒழுங்கையும் படையமைப்பின் திறத்தையும் பகைவராகிய அவர் அவற்றுள் வியந்து கூறுகின்றார். அரசாங்கத்திற்கு அனுப்பும் அறிக்கையில் ஒரு கும்பினி அலுவலர் இங்ஙனம் எழுதத் தயங்கியிருப்பார். மைசூர் வலியது எனில் அதனை அழித்தே ஆக வேண்டும் என்னும் முடிவுக்கு அவ்வியப்பு துணை செய்தது என்பதையும் மறத்தல் ஆகாது. எனவே அவர் சான்றும் முற்றும் தூயதன்று; ஆயினும் அரசவைப் புகழுரையினும் உறுதியானது.

கிருட்டிணகிரிக் கோட்டையை 1791 நவம்பர் மாதத்தில் மாக்சுவெல் என்னும் தளபதி இரவில் தாக்கினார். பேட்டையும் கீழ்க்கோட்டையும் வீழ்ந்தன, மேற்கோட்டை வீழவில்லை, ஆங்கிலேயர் இழப்போடு பின்வாங்கினர். அடுத்த ஆண்டில் சீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையால் பாராமகால் அவர்கட்குக் கிடைத்தது. ஓசூரோ மைசூர்க்கே மீண்டு, 1799 வரை எல்லைக்கு அப்பால் இருந்தது. அவ்வேழாண்டுகளில் ஓசூரும் கிருட்டிணகிரியும் இரு வேறு அரசுகளின் ஊர்கள். ஒன்றில் அயலார் எனப்பட்டோரே மற்றொன்றில் ஆள்வோர்.

1792 ஆம் ஆண்டில் இந்நாட்டில் பயணம் செய்த தானியல் என்னும் ஓவியர் இருவர் இராயக்கோட்டையையும் செகதேவி மலைக்கோட்டையையும் வரைந்தனர். ஓராண்டின் முன் படைகள் நடந்த நிலத்தில் எழில்மிகு குன்றுகளையும் மரங்களையும் காட்டும் அப்படங்களும் சான்றுகளே. கூறாது விட்டதனால் சார்புடையன.

இம்மூன்றாம் போரின் காலத்தைத் தழுவிய தமிழ்க் குறிப்பு ஒன்று நம் கைக்கு வந்துள்ளது. புதுச்சேரியில் நயினாராகக் காவற்பணி புரிந்த இரண்டாம் வீராநாயக்கரின் நாட்குறிப்பு 1778 முதல் 1792 வரை செல்கின்றது. 1992 இல் அச்சேறியது. பாராமகாலிலிருந்து கடற்கரைக்கு எந்தச் செய்தி எத்தனை நாளில், யார் வாயிலாக வந்தது, வரும் வழியில் எங்ஙனம் மாறியது என்பதை இந்நூலையும் கும்பினியாரின் படைக் குறிப்புகளையும் நாள்தோறும் ஒப்பிட்டு வரையறுக்கலாம். முதுகலை மாணவர் ஒருவர் இரண்டாண்டு உழைப்பில் முடிக்கத்தக்க பணி அது. 1790 முதல் 1792 வரையுள்ள பகுதியினின்று தொடங்குதல் நலம்.