கதவில் தேய்ந்த எழுத்து

அமெரிக்கச் சிற்றூர்ப் பெட்ரோல் நிலையங்களில் பழுதான கார்களை இழுத்துவர நின்ற, 1947 முதல் 1955 வரை வெளிவந்த வரிசையைச் சேர்ந்த செவர்லே பிக்கப் லாரிகளுள், முதல் வண்ணம் கலையாமல் கிடைக்கும் ஒன்றின் அழகு அதன் கதவிலேயே தொடங்குகிறது. நிலையத்தின் பெயரை அணில்முடித் தூரிகையால் தீட்டிய பலகை ஓவியர், கை நடுங்காதிருக்க மணிக்கட்டைத் தாங்கும் நீள்கோலின்மேல் ஊன்றி, வளைவுகளை ஒரே இழுப்பில் முடித்திருப்பார். விரலால் வருடினால் எழுத்தின் விளிம்பு இன்றும் மயிரிழையளவு தட்டுப்படும். ஓட்டுநரின் முழங்கை சாய்ந்திருந்த சன்னல் ஓரத்தில் மட்டும் சிவப்பு தேய்ந்து, துருவைத் தடுக்க முதலில் இடப்படும் அடிப்பூச்சும் தேய்ந்து, இரும்பு பழுப்பாய் மினுங்கும்.

இதைப் பேணும் திறமை பெரும்பாலும் கையை அடக்கிக்கொள்வதுதான். வெயிலில் வெளிறிய பழைய எனாமல் மாவாய் உதிரக்கூடியதாகையால், மென்சோப்பு நீரில் நனைத்த பருத்தித் துணியால் எண்ணெய்ப் பிசுக்கைப் பூப்போல ஒற்றியெடுத்து, துணியில் சிவப்பு ஏறத் தொடங்கியதும் நிறுத்தி, மெல்லிய மெழுகுப் படலத்தோடு விட்டுவிடுவர். புதிதாய்த் தீட்டிப் பளபளக்கச் செய்யும் ஆசை புரிந்துகொள்ளத்தக்கதே. ஆயினும் பின்புறம் இழுவைச் சங்கிலி உரசி உரசிக் கீறிய பிறைக்கோடுகளை எந்தத் தூரிகையாலும் திரும்ப வரைய இயலாது.