கலகங்களுக்குக் கணக்கெழுதியவர்
யுத்தங்களை வர்ணித்த சரித்திராசிரியர் அநேகர். ஆனால் அவற்றை ஆவேசமின்றி எண்ணிப் பார்க்கும் நிதானம், லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்னும் ஆங்கிலேய வானிலை சாஸ்திரிக்கு வாய்த்ததைப் போல் வேறெவருக்கும் வாய்த்ததாக எனக்குத் தோன்றவில்லை. குவேக்கர் குடும்பத்தில் பிறந்து, ஆயுதமெடுக்க மறுத்து, முதல் மகாயுத்தத்தில் பிரான்ஸ் தேசத்துப் போர்முனையில் காயம்பட்டோரை ஏற்றிச் செல்லும் வண்டியை ஓட்டிய அம்மனிதர், பிற்காலத்தில் 1820 முதற்கொண்டு உலகில் நிகழ்ந்த கொலைக்கலகங்களைத் திரட்டி, அவற்றின் காரணத்தையோ கௌரவத்தையோ பொருட்படுத்தாமல், மாண்டவர் தொகையின் மடக்கையைக் கொண்டே வரிசைப்படுத்தினார். அவ்வளவையில் தனியொரு கொலை பூஜ்யம். ஆயிரம் பேர் மடிந்த கலகம் மூன்று. ஏழைத் தொட்டவை இரு மகாயுத்தங்களே. இம்முறையின் நயம் யாதெனில், ஒரு தரப்பார் சொல்லும் சாவுத்தொகை மறுதரப்பார் சொல்வதைப் போல் இருமடங்காக இருந்தாலும், மடக்கையில் அவ்வித்தியாசம் 0.3 அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. பொய்யையும் தாங்கிக்கொள்ளும் அளவுகோல் அது!

எல்லைகளுக்கும் யுத்தங்களுக்கும் சம்பந்தம் தேடியவர், ஸ்பெயினுக்கும் போர்த்துகலுக்கும் இடைப்பட்ட எல்லை ஓரிடத்தில் 987 கிலோமீட்டராகவும் வேறோரிடத்தில் 1,214 ஆகவும் குறிக்கப்பட்டிருக்கக் கண்டு, அளக்கும் கோல் குறுகக் குறுக எல்லை நீளுமென்று உணர்ந்தது தனிக்கதை.

1953-இல் அவர் காலமானார். கலகக் கணக்கு நூல் 1960-இல்தான் வெளிவந்தது. இன்று ஸ்வீடனின் உப்சாலா சர்வகலாசாலையார், ஓராண்டில் 25 பேரேனும் போரில் மடிந்தால்தான் அதனைத் தம் ஏட்டில் ஆயுதப்போராகப் பதிகிறார்கள். ரிச்சர்ட்சனோ ஒற்றைக் கொலைக்கும் தம் ஏட்டில் இடம் வைத்திருந்தார்.