குட்டையில் பறந்த விமானம்

படம் தொடங்கும்போது இரவு. டெல்லியில் ஒரு குப்பை மேடு. கேமரா தரையோடு தரையாக ஊர்கிறது. முதலில் ஓர் எலி, அப்புறம் நாலைந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண்ண முடியாத எலிகள். பின்னால் சாலையில் போகும் வண்டிகளின் விளக்குகள் கலங்கிய வட்டங்களாக நழுவுகின்றன. வெட்டு விழவில்லை. நம் கண் இருட்டுக்குப் பழகும்வரை அந்த ஷாட் காத்திருக்கிறது.

ஷௌனக் சென் இயக்கிய 'ஆல் தட் பிரீத்ஸ்' (2022) இப்படித்தான் நம்மைக் கீழே குனியவைத்து, பிறகு வானத்தைக் காட்டுகிறது. அந்த வானம் முழுக்கப் பருந்துகள். மாஞ்சா நூலில் சிறகு அறுபட்டு விழும் பருந்துகளை வஜீராபாதில் உள்ள தங்கள் வீட்டு நிலவறையில் வைத்து நதீம், சௌத் என்ற சகோதரர்கள் தேற்றுகிறார்கள். பிழைப்புக்கு அவர்கள் சோப் டிஸ்பென்சர் செய்வதும் அங்கேதான். தசையும் நரம்பும் அவர்களுக்குப் பிடிபட்டது இளவயதில் உடற்பயிற்சி மோகத்தில் படித்த பத்திரிகைகளால்.

டாக்கீஸில் பெரிய படத்துக்கு முன்னால் ஓடிய பிலிம்ஸ் டிவிஷன் செய்திப்படம்தான் என் தலைமுறைக்கு ஆவணப்படம். கணீரென்ற ஒரு குரல் எல்லாவற்றையும் சொல்லிவிடும். நாம் பார்க்க எதுவும் மிச்சம் இருக்காது. இங்கே பார்ப்பதை நம்மிடமே விட்டுவிடுகிறார் சென். எனக்கு மிகப் பிடித்தது ஒரு தேங்கிய தண்ணீர். அதன்மேல் பூச்சிகள் நெளிகின்றன. அவற்றுக்கு நடுவே, தலைகீழாக, ஒரு விமானம் கடந்து போகிறது. பூச்சி, பருந்து, விமானம் எல்லாவற்றுக்கும் ஒரே காற்றுதான் என்பதை ஒரு சாண் தண்ணீரில் வைத்துவிட்டார். குடியுரிமைச் சட்டப் போராட்டமும் 2020 கலவரமும்கூட இப்படித்தான், தூரத்து முழக்கமாகவும் வீட்டுக்குள் தாழ்ந்த குரலில் நடக்கும் பேச்சாகவும் வருகின்றன. அந்த அடக்கத்தால் அச்சம் கூடுகிறது.

சன்டான்ஸிலும் கானிலும் பரிசு வாங்கிய படம், 2023 ஆஸ்கரில் பரிந்துரையோடு நின்றது. அன்றிரவு 'நாட்டு நாட்டு' வென்றது. முதுமலை யானைக்குட்டிகளின் படமும் வென்றது. இரண்டையும் ஊரே கொண்டாடியது, நானும்தான். அந்தக் கொண்டாட்டத்தில் ஒரு பங்கு இந்தப் பருந்துகளுக்கும் கிடைத்திருக்க வேண்டும் என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் உண்டு. கொட்டகையின் பெரிய திரையும் இருட்டும் இந்தப் படத்துக்கு அவ்வளவு பொருந்தும். நம்மில் பெரும்பாலோர் கைப்பேசியில் பார்த்தோம். அந்த எலிகளின் இரவு அதில் வெறும் கறுப்பு.

சகோதரர்களுக்கு உதவும் இளைஞர் சாலிக் வருகிற இடங்களில் படம் கனிந்துவிடும். மொட்டை மாடியில் அவருடைய கண்ணாடியை ஒரு பருந்து பறித்துக்கொண்டு போய்விடுகிறது. இன்னொரு காட்சியில், ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருக்கிறவர் சட்டைப்பைக்குள் விரலை விடுகிறார். வெளியே வருவது ஓர் அணிற்பிள்ளை.