நீலத் தீயின் கூர்மை

மாமல்லபுரம் பக்கம் இரும்பு கேட் போட்டால், உப்புக்காற்று சீக்கிரமே அரித்துவிடும். அதனால் கடலோர வீடுகளுக்கு எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கேட்தான் ஏற்றது. ஆனால் எஸ்.எஸ். தகட்டை கேஸ் கட்டிங்கால் வெட்ட முடியாது. அதிலுள்ள குரோமியம் எளிதில் உருகாத ஆக்சைடு படலமாகி வெட்டைத் தடுக்கும். அங்கேதான் பிளாஸ்மா கட்டரின் அருமை தெரியும்.

அழுத்தக் காற்றும் மின்சாரமும்தான் அதற்குத் தீனி. டார்ச் முனையிலுள்ள நாசிலின் சுமார் ஒரு மில்லிமீட்டர் துளை வழியே நீலக்கீற்று பாய்கிறது. தகட்டின் அடியில் பொறிகள் பூவாணமாய்ச் சிதறுகின்றன. வெட்டிய விளிம்பைப் பாருங்கள்: சீப்புப் பல் போல மெல்லிய வரிகள், லேசாகப் பின்சாய்ந்து நிற்கும். கை சீராக ஓடியதற்கு அதுவே சாட்சி.

வீட்டுப் பட்டறைக்கு 40 ஆம்பியர் மெஷின் தாராளம், 10 மி.மீ. வரை இரும்புத் தகட்டை வெட்டும். வாங்கும்போது ஆம்பியரை மட்டும் பார்க்காதீர்கள். கம்ப்ரசர் அதற்கு ஈடுகொடுக்குமா, நாசிலும் எலக்ட்ரோடும் செங்கல்பட்டுக் கடைகளில் கிடைக்குமா என்று கேளுங்கள். கடலோர ஈரக்காற்று நாசிலைச் சீக்கிரம் தின்றுவிடும். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் கட்டாயம் வேண்டும். எஸ்.எஸ். வெட்டும்போது எழும் புகை நுரையீரலுக்கு நஞ்சு. கருப்புக் கண்ணாடியும் முகமூடியும் இல்லாமல் டார்ச்சைத் தொடாதீர்கள்.