நான்காவது வால்வு

பெரம்பலூர் பக்கம் பருத்திக்காட்டில் வேலை பார்க்கிற இருபத்தைந்து வயசுப் பெண் ஒருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சின்ன வயசில் தொண்டை வலி, அப்புறம் மூட்டு வலியோடு காய்ச்சல். நாலு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை, சரியாகிவிட்டது. இப்போது குடம் தூக்கினால் மூச்சு வாங்குகிறது. அந்த ருமாட்டிக் காய்ச்சல் இதய வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறது. வால்வை மாற்ற வேண்டும் என்கிறார் டாக்டர்.

இவளைப் போன்றவர்களுக்காக இந்தியாவிலேயே வால்வு செய்தவர் டாக்டர் எம்.எஸ்.வலியத்தான். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பயிற்சி பெற்றுத் திரும்பி, திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா நிலையத்தில் டாக்டர்களையும் இன்ஜினீயர்களையும் ஒன்றாக உட்காரவைத்தவர். 2024 ஜூலையில் அவர் மறைந்தபோது நான் படித்த அஞ்சலிகள் எல்லாம் 'மலிவு விலை, சுதேசி' என்றே பாராட்டின. எனக்கென்னவோ முக்கியமான விஷயத்தை விட்டுவிட்டார்கள் என்று தோன்றியது.

செயற்கை வால்வு வருஷத்துக்குச் சுமார் 4 கோடி தடவை திறந்து மூட வேண்டும். சித்ராவின் முதல் மூன்று மாடல்கள் தேறவில்லை, கைவிட்டார்கள். நான்காவதில் கோபால்ட் கலவை உலோகக் கூடு, பாலிஎதிலீன் தட்டு. ஆடுகளுக்குப் பொருத்திப் பார்த்த பிறகே, 1990 டிசம்பரில் முதல் மனிதருக்கு வைத்தார்கள். வெளிநாட்டு பியோர்க்-ஷைலி வால்வின் ஒரு மாடலில் பற்றவைத்த கம்பி உடைந்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். 1986-ல் அதை விற்பனையிலிருந்து எடுப்பதற்குள் சுமார் 86,000 பேருக்குப் பொருத்தியாகிவிட்டது. மூன்று தடவை 'இது வேண்டாம்' என்று சொன்ன அந்தப் பொறுமைதான் வலியத்தானின் சாதனை என்பேன்.

ஆனால், ஆபரேஷனோடு கதை முடிவதில்லை. உலோக வால்வு வைத்தால் ரத்தம் உறையாமலிருக்க ஆயுசு முழுக்க மாத்திரை. அளவு குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளும். கூடினால் எங்காவது கசியும். அடிக்கடி ரத்தம் பரிசோதிக்க வேண்டும். மெடிக்கல் ஷாப்பில், "அண்ணே, உடம்பு வலிக்கு ஏதாச்சும் குடுங்க" என்று சாதாரணமாகக் கேட்டு வாங்க முடியாது. கர்ப்பம் என்றால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். அந்த மாத்திரை சிசுவைப் பாதிக்கலாம். இதையெல்லாம் அவளிடம் யாராவது உட்கார்ந்து, நிதானமாகத் தமிழில் சொன்னார்களா?

2022-ல் அரியலூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. நல்லது. காலை பஸ்ஸில் போய் ரத்தம் கொடுத்து, மாத்திரை அளவைக் கேட்டுக்கொண்டு, ஒருநாள் கூலி போகாமல் அவள் திரும்ப முடிகிறதா என்று பாருங்கள். அது முடிந்தால்தான் நான்காவது வால்வின் வேலை முடிந்தது.