மேகத்தின் அடி, விளிம்பு, முடி

மேகத்தில் யானையும் குதிரையும் தேடுவது எல்லோருக்கும் தெரிந்த விளையாட்டு. அதைத் தாண்டியும் ஒரு ரசனை உண்டு. கண்ணுக்குத் தெரியாத காற்று மேலே என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை மேகத்தை வைத்தே படித்துவிடலாம். 1802-இல் லண்டனில் லூக் ஹோவர்ட் என்ற மருந்து வணிகர் மேகங்களைக் கீற்று, திரள், படை என்று வகைபிரித்ததும் இந்த நம்பிக்கையில்தான்: மேகத்தின் வடிவம் தற்செயல் அல்ல. நாம் மூன்று இடங்களைப் பார்த்தால் போதும்.

அடி. முற்பகலில் வெள்ளை வெள்ளையாகக் கிளம்பும் திரள் மேகங்களைக் கவனியுங்கள். மேலே எப்படிக் குவிந்திருந்தாலும் அடி தட்டையாக இருக்கும். அக்கம்பக்கத்து மேகங்களின் அடியும் ஏறக்குறைய அதே மட்டம். வெயிலில் காய்ந்த தரை காற்றைச் சூடாக்க, அது எழும்புகிறது. மேலே அழுத்தம் குறைவு என்பதால் விரிகிறது; விரியும்போது கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி செல்சியஸ் குளிர்கிறது. நீராவி துளியாகத் தொடங்கும் உயரம் எதுவோ, அதுதான் அடி. காற்றில் ஈரம் மிகுந்தால் அடி தாழும், வறண்டால் உயரும். மழைக்கு மறுநாளையும் சித்திரை வெயிலையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

விளிம்பு. காலிஃபிளவர் போல விளிம்பு திட்டமாகத் தெரிந்தால் உள்ளே இருப்பவை நீர்த்துளிகள். நார்நாராகப் பிரிந்து மங்கினால் பனிப்படிகங்கள். மிக உயரத்தில் மிதக்கும் கீற்று மேகங்கள் முழுக்கப் பனிதான். அவை மெல்லிய திரையாகப் பரவும் நாளில் நிலவைச் சுற்றி வட்டம் தெரியும். அறுகோணப் படிகங்கள் ஒளியை வளைப்பதால், நிலவிலிருந்து வட்டம் வரை எப்போதும் சுமார் 22 பாகை. கையை நீட்டி விரல்களை விரித்தால் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை ஏறக்குறைய அந்த அளவு, நீங்களே அளந்துவிடலாம். சூரியனைச் சுற்றியும் இந்த வட்டம் வரும். அப்போது சூரியனை ஒரு கட்டடத்தின் பின்னால் மறைத்துக்கொண்டு பாருங்கள்.

முடி. கோடையின் பிற்பகலில் தொலைவில் எழும் இடிமேகத்தைக் கால் மணி நேரம் விடாமல் பாருங்கள். முடி பொங்கிப் பொங்கி ஏறும். திட்டமான விளிம்பு நார்நாராக மாறினால் அங்கே நீர் உறைகிறது என்று பொருள். பிறகு முடி தட்டையாகிப் பக்கவாட்டில் விரியத் தொடங்கும். வளிமண்டலத்தின் கீழடுக்கு வெப்பமண்டலத்தில் 16, 17 கிலோமீட்டர் உயரத்தில் முடிகிறது. அதற்கு மேலுள்ள அடுக்கில் ஓசோன் புற ஊதாக் கதிரை உறிஞ்சுவதால், உயரே போகப்போகக் காற்று குளிர்வதற்குப் பதில் சூடாகிறது. மேகத்தின் ஏற்றம் அங்கே நின்றுவிடுகிறது. பாடப்புத்தகத்தில் கோடாக வரைந்து காட்டிய எல்லையை இப்போது நேரில் பார்க்கிறீர்கள். மேகம் தலைக்கு மேல் இருந்தால் இந்த முடி தெரியாது; தொலைவுதான் வசதி. இடி கேட்டால் மாடியிலிருந்து இறங்கிவிடுங்கள்.

அந்தி சாய்ந்ததும் ஒரு சோதனை செய்யலாம். தாழ்ந்த மேகங்கள் முதலில் ஒளியிழந்து கறுக்கும். உயரத்தில் இருப்பவை கடைசிவரை சிவந்திருக்கும். எந்த மேகம் எந்த வரிசையில் கறுக்கிறது என்று குறித்துவையுங்கள். எந்தக் கருவியும் இல்லாமல் வானத்தின் அடுக்குகளை வரிசைப்படுத்திவிடுவீர்கள்.